வெயிலில் நிற்கும் பெருக்கி

எம்.ரெட்டியபட்டியிலும், திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களின் பிற ஊர்களிலும் மின்னணுவியலும் தகவல்தொடர்பும் பயிலும் மாணவ மாணவியர்க்கும், அவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வானலை வழியே செல்வது குரலாயினும் தரவாயினும், ஆன்டெனாவை அடையுமுன் அது கடைசியாகக் கடக்கும் இடம் உயர் அதிர்வெண் திறன் பெருக்கி என்பதால், ஒரு நிலையம் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பங்கையும் அது வெளியிடும் அலையின் தரத்தையும் இந்த ஒரே உறுப்புத்தான் தீர்மானிக்கிறது. இவ்வுறுப்பிடம் இரண்டு பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. மின்கலத்திலிருந்து வாங்கிய திறனில் எத்தனை பங்கு அலையாக வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் விகிதம் பயனுறுதிறன். உள்ளே நுழைந்த அலையின் வடிவம் சிறிதும் மாறாமல் பெரிதாகி வெளிவருவது நேர்போக்கு. அந்த நேர்போக்கிலிருந்து ஏற்படும் விலகலே திரிபு. பாடநூல்களில் இவ்விரண்டும் தனித்தனி அத்தியாயங்களில் இடம்பெறுவதாலும், ஆய்வகத்தில் ஒன்றை அளக்கும் நாளில் மற்றதை அளக்கும் வழக்கம் இல்லாததாலும், இரண்டும் வேறுவேறு சிக்கல்கள் என்ற எண்ணம் மாணவரிடம் எளிதில் படிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே சிக்கலின் இரு அளவுகள் என்பதையும், ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாத எந்த அளவீடும் பாதி அளவீடே என்பதையும் இம்மடல் வலியுறுத்த விரும்புகிறது.

இந்தக் கருத்தை வேறெந்த ஊரை விடவும் இவ்வட்டாரத்தை நோக்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மானாவாரிக் கரிசல் நிலத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே தொலைவு அதிகம். ஆகவே ஒரு கைப்பேசிக் கோபுரம் நகரத்துக் கோபுரத்தை விடப் பரந்த நிலப்பரப்புக்கு அலையனுப்ப வேண்டியிருக்கிறது. மின்தடை வந்தால் கோபுரம் முதலில் மின்கலத்திலும் பின்னர் டீசலிலும் ஓடுகிறது. ஊரகக் கோபுரங்களில் குறைந்தது பாதியாவது 2015-க்குள், மின்கட்டமைப்புடன் சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் சேர்த்துப் பயன்படுத்தும் கலப்பு முறைக்கு மாற வேண்டும் என்று நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை 2012-இல் பணித்ததற்கு இந்த டீசல்தான் காரணம். ஆனால் மின்சாரம் வரும் வழியை மாற்றுவதற்குமுன், அது வீணாகும் இடத்தைப் பார்ப்பது முறை. மூன்று திசைகளுக்கு, திசைக்கு இரண்டு வீதம், சராசரி 40 வாட் வெளியிடும் ஆறு பெருக்கிகள் உள்ள ஒரு கோபுரம் முழுச் சுமையில் இயங்குவதாகக் கொள்ளலாம். பயனுறுதிறன் 25 விழுக்காடாக இருந்தால் அவை 960 வாட் வாங்கி, 240 வாட்டை அலையாக அனுப்பி, 720 வாட்டை வெப்பமாக விடும்; பயனுறுதிறன் 50 விழுக்காடானால் வாங்குவது 480 வாட்டாகவும் வெப்பம் 240 வாட்டாகவும் குறையும். வாங்கும் மின்சாரம் பாதியாகும்போது வெப்பம் மூன்றில் ஒரு பங்காகிறது என்பது கவனிக்கத்தக்கது. 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி மின்கலத் தொகுதியின் ஆற்றலை முழுவதும் பயன்படுத்த முடியுமானால், அது முதல் வகைப் பெருக்கிகளைப் பத்து மணி நேரமும் இரண்டாம் வகையை இருபது மணி நேரமும் தாங்கும். ஓர் இரவு மின்தடையில் ஊர் தொடர்பில் இருப்பதும் அறுந்துபோவதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

அப்படியானால் எல்லாப் பெருக்கிகளையும் 50 விழுக்காட்டுக்கு மேல் இயங்குமாறு செய்துவிடுவதில் என்ன தடை என்ற கேள்விக்கு விடை, டிரான்சிஸ்டர் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. அலையின் ஒரு சுழற்சி முழுவதும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டேயிருக்கும் ‘ஏ’ வகை இயக்கத்தில், அலை வந்தாலும் வராவிட்டாலும் மின்கலம் ஒரே அளவு கொடுத்துக்கொண்டிருப்பதால், கோட்பாட்டளவிலேயே பயனுறுதிறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது. ஆனால் வடிவம் நன்கு காப்பாற்றப்படும். அரைச் சுழற்சி மட்டும் விழித்து மறு அரைச் சுழற்சியில் உறங்கும் ‘பி’ வகையில் உச்ச எல்லை 78.5 விழுக்காடு. அதனினும் குறைவாக விழித்திருக்கும் ‘சி’ வகை மேலும் சிக்கனமானது. ஆயினும் சிறிய அலைகள் அதை எழுப்பவே முடியாமல் போவதால், உள்ளே வந்த வீச்சுக்கும் வெளியே செல்லும் வீச்சுக்கும் இடையிலான நேர்விகிதம் முறிந்துவிடுகிறது. உறக்கத்தால் மின்சாரம் மிச்சமாகிறது. அதே உறக்கத்தால் அலை கெடுகிறது. ‘ஏ’, ‘பி’ இருவகைக்கும் நடுவே, மிகச் சிறிய ஓய்வு மின்னோட்டத்துடன் பாதி விழிப்பில் வைக்கப்படும் ‘ஏபி’ வகையே ஒற்றைப் பக்கப்பட்டை வானொலிகளில் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது.

திரிபிலும் இருவகை உண்டு; அவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் தடுமாறும் இடம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கும்போது 14, 21 மெகாஹெர்ட்ஸ்களில் பிறக்கும் மடங்கு அதிர்வெண்கள் மேற்சுரங்கள் எனப்படும். அவை தொலைவில் இருப்பதால், சுருளும் மின்தேக்கியும் கொண்ட ஒரு வடிகட்டி அவற்றை அகற்றிவிடும். இரண்டாவது வகை, ஒரே நேரத்தில் பெருக்கியில் நுழையும் இரு அலைகள் ஒன்றோடொன்று கலந்து பிறப்பிக்கும் இடைப்பண்பேற்றத் திரிபு. 7100.7 கிலோஹெர்ட்ஸிலும் 7101.9 கிலோஹெர்ட்ஸிலும் இரு அலைகள் நுழைந்தால், முதலாவதன் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்த 7099.5-இலும், இரண்டாவதன் இருமடங்கிலிருந்து முதலாவதைக் கழித்த 7103.1-இலும் யாரும் அனுப்பாத இரு அலைகள் தோன்றும். மூலத்துக்கு ஓரிரு கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே அவை நிற்பதால் எந்த வடிகட்டியாலும் பிரித்தெடுக்க இயலாது. பக்கத்து அலைவரிசையில் பேசுபவரின் காதில் அவை இரைச்சலாக விழும். மூன்றாம் படித் திரிபு எனப்படும் இவ்வகையின் இயல்பு, திரிபு சிறிதாக உள்ள எல்லைக்குள், மூல அலை 1 டெசிபெல் உயர்ந்தால் அது 3 டெசிபெல் உயர்வதாகும். எனவே பெருக்கியைச் சற்றே தாழ்த்தி இயக்கினால் திரிபு விரைந்து மறையும். ஆனால் பயனுறுதிறனும் உடன் கையைவிட்டுப் போகும்.

இந்த இழுபறியிலிருந்து தப்ப, பெருக்கியைத் தொடாமல் அலையையே மாற்றிக்கொண்ட ஒரு வழி தமிழ்நாட்டில் கையாளப்பட்டிருக்கிறது என்பதை இவ்வட்டார மாணவர் அறிந்திருத்தல் நன்று. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் இயங்கிய டெநெட் குழு, மிடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை, 2001 முதல் மதுரையை அடுத்த மேலூர் வட்டத்தின் ஊர்களில் இணைய மையங்களை நடத்தப் பயன்பட்டது. ஐரோப்பிய டெக்ட் தரத்தை அடிப்படையாகக் கொண்ட அம்முறையில், செய்தி அலையின் வீச்சில் ஏற்றப்படாமல் அதிர்வெண்ணின் சிறு மாற்றங்களில் ஏற்றப்பட்டது. வீச்சு எப்போதும் ஒரே அளவாக இருந்தால், அந்த வீச்சில் பெருக்கி எவ்வளவு வளைந்தாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அதைத் தெவிட்டு நிலை வரை, அதாவது உள்ளீட்டைக் கூட்டினாலும் வெளியீடு இனிக் கூடாத எல்லை வரை தள்ளி, உச்சப் பயனுறுதிறனில் இயக்கலாம். கால் வாட் உச்சத் திறனே கொண்ட எளிய கருவிகள், நேர்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை எட்டியதற்கு உயரமான இடத்தில் வைத்த ஆன்டெனாக்களோடு இத்தெரிவும் துணைநின்றது. அதற்குக் கொடுத்த விலை வேகம்: ஓர் இணைப்புக்கு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசியான ஜிஎஸ்எம்மும் இதே மாறா வீச்சு முறையையே பின்பற்றியது. அக்காலத்துக் கைப்பேசி ஒரு முறை மின்னேற்றினால் நாள்கணக்கில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காம் தலைமுறையில் இந்த வழி அடைபட்டது. ஒரே அலைவரிசைக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய துணை ஊர்தி அலைகளை அடுக்கி, ஒவ்வொன்றின் வீச்சிலும் கட்டத்திலும் தரவை ஏற்றும் ஓஎஃப்டிஎம் முறையில், அத்துணை அலைகள் சில கணங்களில் ஒரே திசையில் கூடி மிக உயர்ந்த முகட்டை எழுப்புகின்றன. மற்ற நேரங்களில் ஒன்றையொன்று தணித்துக் கிடக்கின்றன. முகட்டுத் திறனுக்கும் சராசரித் திறனுக்கும் இடையிலான விகிதம் 10 டெசிபெல் அளவுக்கு, அதாவது பத்து மடங்குக்கு உயர்கிறது. எப்போதோ எழும் அந்த முகடு வெட்டுப்படாமலிருக்க வேண்டுமானால், பெருக்கி தன் உச்சத்தில் பத்தில் ஒரு பங்கில்தான் பெரும்பாலான நேரம் இயங்க வேண்டும். 10 டெசிபெல் தாழ்ந்த அந்நிலையில் ‘ஏ’ வகையின் பயனுறுதிறன் 5 விழுக்காடு. ‘பி’ வகையின் கோட்பாட்டு எல்லையே 25 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. திரிபின் பக்கமோ கட்டுப்பாடு கடுமையானது. கைப்பேசி நிலையங்களுக்கான 3ஜிபிபி தரவரையறை, பக்கத்து அலைவரிசைக்குள் கசியும் திறன் சொந்த அலைவரிசையின் திறனைவிட 45 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கசியலாகாது என்பது அதன் பொருள். முகடுகளை முன்கூட்டியே மென்மையாகத் தணித்துச் சில டெசிபெல்களை மீட்பது நடைமுறையில் உண்டு என்றாலும், அடிப்படைச் சிக்கல் அதனால் தீராது.

விண்வெளியில் இந்நெருக்கடி மேலும் இறுகும். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏவுகலம் கொண்டுசென்ற ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோள். பல நாட்டு அமெச்சூர் வானொலியாளர்களின் குரல்களை ஒருசேர வாங்கி ஒருசேரத் திருப்பியனுப்பிய அதன் மறுபரப்பி நேர்போக்குடையதாக இல்லாதிருந்தால், ஒருவரின் குரல் மற்றவரின் அலைவரிசையில் கலந்துவிட்டிருக்கும். நேர்போக்குக்காக மின்சாரத்தைத் தாராளமாகச் செலவிடவோ அதன் சிறிய சூரியத் தகடுகள் இடம் தரவில்லை.

முகட்டுக்கும் சராசரிக்கும் இடையிலான பள்ளத்தைக் கடக்க இன்று உலகெங்கும் பயன்படும் அமைப்பு, கைப்பேசிக்காகக் கண்டறியப்பட்டதே அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் டோஹர்ட்டி, மத்திய அலை ஒலிபரப்பிகளின் மின்செலவைக் குறைக்கும்பொருட்டு 1936-இல் வெளியிட்ட முறை அது. இரண்டாண்டுகளில் லூயிவில் நகரின் டபிள்யூஹெச்ஏஎஸ் நிலையத்தில் 50 கிலோவாட் ஒலிபரப்பியாக அது நிறுவப்பட்டது. அக்காலத்து நேர்போக்குப் பெருக்கிகள் மூன்றில் ஒரு பங்கை எட்டத் திணறியபோது, அது 60 விழுக்காட்டைக் கடந்தது. அதன் கருத்து, ஒரு சிறு உழவர் குடும்பம் அன்றாட வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, களையெடுப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் கூலியாள் சேர்ப்பதைப் போன்றது. முதன்மைப் பெருக்கி சராசரி அளவுகளைத் தானே தாங்கும். முகட்டுப் பெருக்கி எனப்படும் இரண்டாவது, அலை பாதி வீச்சைத் தாண்டும்போது மட்டும் விழிக்கும்.

ஆயினும் இரு பெருக்கிகளை வெறுமனே இணைத்துவிட்டால் டோஹர்ட்டி அமைப்பு ஆகிவிடாது. அதன் உயிர், இரண்டுக்கும் நடுவே உள்ள கால் அலைநீளக் கம்பித்தடத்தில் இருக்கிறது. இம்பிடன்ஸ் எனப்படும் மின்எதிர்ப்பைத் தலைகீழாக்கிக் காட்டுவது இத்தடத்தின் இயல்பு: ஒரு முனையில் எதிர்ப்பு உயர்ந்தால் மறுமுனைக்கு அது தாழ்ந்ததாகத் தோன்றும். முகட்டுப் பெருக்கி உறங்கும்போது முதன்மைப் பெருக்கி இருமடங்கு எதிர்ப்பைக் காண்பதால், பாதி வீச்சிலேயே, அதாவது உச்சத்துக்கு 6 டெசிபெல் தாழ்விலேயே, தெவிட்டு நிலையைத் தொட்டுத் தன் முழுப் பயனுறுதிறனை எட்டுகிறது. முகட்டுப் பெருக்கி விழித்துத் தன் மின்னோட்டத்தைச் சேர்க்கச் சேர்க்க, தடத்தின் வழியாக முதன்மைப் பெருக்கிக்குத் தெரியும் எதிர்ப்பு படிப்படியாகக் குறைகிறது. ஆகவே அது தெவிட்டு நிலையிலேயே இருந்துகொண்டு மேலும் திறன் வழங்குகிறது. சாதாரண ‘பி’ வகைப் பெருக்கி அதே 6 டெசிபெல் தாழ்வில் 39 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் இடத்தில், டோஹர்ட்டி அமைப்பு கோட்பாட்டளவில் 78.5 விழுக்காட்டிலேயே நிற்கிறது. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 71 மீட்டர் என்பதால் அதைச் சுருளும் மின்தேக்கியும் கொண்டே உருவாக்க முடியும். 2100 மெகாஹெர்ட்ஸில் அது காற்றில் மூன்றரைச் சென்டிமீட்டராகச் சுருங்கி, சுற்றட்டையின் மேல் வளைந்தோடும் ஒரு செப்புப் பட்டையாக அமைந்துவிடுகிறது. ஏறத்தாழ அறுபதாண்டு காலம் ஒலிபரப்பு நிலையங்களுக்குள் இருந்த ஒரு கருத்து கைப்பேசிக் கோபுரத்தில் ஏறியதற்கு இந்தச் சுருக்கமும் உதவியது.

முகட்டுப் பெருக்கி விழிக்கும் கணம் ஒருபோதும் கூர்மையாக இருப்பதில்லை. மெல்ல மெல்ல விழிக்கும் அந்த இடைவெளியில் வீச்சு வளைகிறது, கட்டமும் நகர்கிறது. மிச்சப்படுத்திய மின்சாரத்துக்கு ஈடாகத் திரிபு மீண்டும் வந்து நிற்கிறது. டோஹர்ட்டியின் காலத்தில் அதைப் பின்னூட்டத்தால் திருத்தினர். அதே பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927-இல் கண்டறிந்த எதிர்மறைப் பின்னூட்டம், வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுடன் ஒப்பிட்டுப் பிழையைக் கழிப்பதாகும். ஒலிபரப்பு அலையின் வீச்சு குரலின் வேகத்தில் மெதுவாக மாறுவதால் அங்கே அது போதுமானதாக இருந்தது. 2100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சியின் காலம் அரை நானோநொடிக்கும் குறைவு. அந்நேரத்தில் ஒளியே 14 சென்டிமீட்டர்தான் செல்லும் என்பதால், வெளியீட்டின் செய்தி உள்ளீட்டுக்குத் திரும்புமுன் பிழை பல சுழற்சிகள் கடந்துவிடும். டோஹர்ட்டி அமைப்பைப் போலவே பயனுறுதிறனை உயர்த்த முயன்ற வேறு வழிகளான, இரு மாறா வீச்சு அலைகளின் கட்ட வேறுபாட்டால் வீச்சை உருவாக்கும் ஷிரெக்ஸின் 1935-ஆம் ஆண்டு முறையும், வீச்சையும் கட்டத்தையும் பிரித்துத் தனித்தனியே பெருக்கி இறுதியில் இணைக்கும் லெனார்டு கானின் 1952-ஆம் ஆண்டு முறையும் தம்மளவில் பெரியவை. இம்மடல் அவற்றைப் பெயரளவில் சுட்டி நகர்கிறது.

இன்றைய தீர்வு திருத்தத்தைப் பெருக்கிக்குப் பின்னால் செய்யாமல் முன்னால் செய்கிறது. பெருக்கி எவ்வாறு வளைக்கும் என்பதை அளந்து வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிர்த்திசையில் அலையை முன்கூட்டியே எண்ணியல் சுற்றில் வளைத்து அனுப்பினால், இரண்டு வளைவுகளும் ஈடுசெய்துகொண்டு நேரான அலை வெளிவரும்; எண்ணியல் முன்திரிபு எனப்படுவது இதுவே. இம்முறையின் அருமை எளிமையில் இல்லை. பெருக்கிக்கு நினைவு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. சற்றுமுன் கடந்த முகடு டிரான்சிஸ்டரைச் சூடாக்கியிருக்கும், மின்வழங்கு பாதையின் மின்தேக்கிகளில் சுவடு விட்டிருக்கும். ஆகவே இப்போதைய வெளியீடு இப்போதைய உள்ளீட்டை மட்டும் சார்ந்ததன்று. இந்த நினைவை எழுதிக்காட்ட இத்தாலியக் கணிதர் வீட்டோ வோல்ட்டெராவின் பெயரால் வழங்கும் தொடரும், அதைச் சுருக்கிய நினைவுப் பல்லுறுப்புக்கோவைகளும் பயன்படுகின்றன. ஐந்தாம் படித் திரிபு அலைவரிசையை ஐந்து மடங்கு அகலமாக விரிப்பதால், 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திருத்த 100 மெகாஹெர்ட்ஸைக் கண்காணிக்கும் ஏற்பி தேவைப்படுகிறது. அந்த ஏற்பியும் கணிப்புச் சுற்றும் தாமே மின்சாரம் உண்பவை. பெரிய கோபுரத்தில் அது மிகச் சிறிய பங்கு; ஓரிரு வாட் மட்டும் வெளியிடும் சிறு நிலையத்தில், திருத்தத்துக்குச் செலவாகும் மின்சாரம் டோஹர்ட்டியால் மிச்சமானதை விழுங்கிவிடவும் கூடும். பயனுறுதிறனைக் கணக்கிடும்போது இந்தத் திருத்தச் செலவையும் சேர்த்துக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு.

பொருளறிவியலும் இதில் தன் பங்கைச் செலுத்துகிறது. காலியம் நைட்ரைடு என்னும் சேர்மத்தின் ஆற்றல் இடைவெளி சிலிக்கானின் 1.1 எலக்ட்ரான்-வோல்ட்டுக்கு எதிராக 3.4 என்பதால், அது உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும். உயர் மின்னழுத்தத்தில் மின்னோட்டமும் உட்புற மின்தேக்கமும் குறைந்து, வெளியீட்டை ஆன்டெனாவுடன் பொருத்துவது எளிதாகும். டிஆர்டிஓவின் டெல்லித் திண்மநிலை இயற்பியல் ஆய்வகம், 4 அங்குலச் சிலிக்கான் கார்பைடு வில்லைகளையும் 150 வாட் வரையிலான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும் உள்நாட்டிலேயே செய்யும் வழிமுறையை உருவாக்கிவிட்டதாக 2024-இல் அறிவித்தது.  ரூர்க்கி ஐஐடியில் கருண் ராவத், மீனாட்சி ராவத் ஆகியோர் டோஹர்ட்டி அமைப்பிலும் முன்திரிபிலும் ஆய்வு நடத்துகின்றனர். ஆயினும் காலியம் நைட்ரைடில் எலக்ட்ரான்கள் படிகக் குறைகளில் சிக்கி மெதுவாக விடுபடுவதால் பெருக்கியின் நினைவு நீண்டுவிடுகிறது; பொருள் சிறந்ததானாலும் திரிபுச் சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது என்பதற்கு இது சான்று.

காலியம் நைட்ரைடும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்பியும் இவ்வட்டாரக் கல்லூரி ஆய்வகத்துக்கு எட்டாதவை என்ற எண்ணம் இந்த இடத்தில் எழக்கூடும். அடிப்படை இழுபறியைக் கற்க அவை தேவையில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்துப் பொதுவில் வழங்கிய பிட்எக்ஸ் என்னும் 14 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைப் பக்கப்பட்டை வானொலி, இந்தியக் கடைத்தெருவில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே உருவானது. சுருள் சுற்றும் வளையம் கிடைக்காத இடத்தில் தண்ணீர்க் குழாயின் வாஷரைப் பயன்படுத்திக்கொண்டது. அதன் இறுதிப் பெருக்கியாக நிற்கும் ஐஆர்எஃப்510, மின்வழங்கிகளில் நிலைமாற்றியாக இயங்கச் செய்யப்பட்ட மலிவான டிரான்சிஸ்டர். அதன் உள்ளீட்டு மின்தேக்கம் சிறிதாக இருப்பதால் உயர் அதிர்வெண்ணிலும் ஆறேழு வாட் தருகிறது. பின்னர் வந்த மைக்ரோபிட்எக்ஸின் தொடக்கப் பதிப்புகளில், வடிகட்டிகளை மாற்றும் ரிலேக்களின் வழியாக மேற்சுரங்கள் வடிகட்டியைச் சுற்றிக் கசிவதைப் பல நாட்டுப் பயனர்கள் அளந்து காட்டினர். அடுத்த பதிப்பில் அந்த ரிலே அமைப்பு மாற்றப்பட்டது. அளவீடு ஒரு வடிவமைப்பைத் திருத்திய நல்ல எடுத்துக்காட்டு இது.

இம்மடல் மாணவரிடம் முன்வைக்கும் வேண்டுகோளும் இத்தகைய அளவீடுதான். ஐஆர்எஃப்510 கொண்ட 7 மெகாஹெர்ட்ஸ் பெருக்கி ஒன்றை அமைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் போலிச் சுமையை இணைத்து, 700, 1900 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டை ஒற்றைப் பக்கப்பட்டை வானொலியின் வழியே சம அளவில் செலுத்தி, மின்வழங்கியிலிருந்து வாங்கும் மின்னோட்டத்தையும் இடைப்பண்பேற்ற அலைகளின் உயரத்தையும் ஒரே வெளியீட்டுத் திறனில், ஒரே அட்டவணையில் எழுத வேண்டும். இரட்டை ஒலிச் சோதனையில் ‘பி’ வகையின் கோட்பாட்டு எல்லை 78.5 அன்று, 61.7 விழுக்காடு என்பதை நினைவிற்கொள்வது, கிடைத்த எண்ணை நியாயமாக மதிப்பிட உதவும். நிறமாலைப் பகுப்பி இல்லாத ஆய்வகங்களில், 7 மெகாஹெர்ட்ஸை ஏற்கும் மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் ஏற்பியே போதும். ஆனால் அது எட்டு பிட் கருவி என்பதாலும் தானே எளிதில் தெவிட்டித் திரிபைப் பிறப்பிக்கும் என்பதாலும், போதிய குறைப்பிகளை இடையில் வைப்பது கட்டாயம். காணும் திரிபு யாருடையது என்றறிய ஓர் எளிய சோதனை உண்டு: ஏற்பிக்கு முன் மேலும் 10 டெசிபெல் குறைப்பியைச் சேர்த்தால், பெருக்கியின் மூன்றாம் படித் திரிபு 10 டெசிபெல் மட்டுமே தாழும், ஏற்பியில் பிறந்தது 30 டெசிபெல் தாழும்.  காற்றில் அலை விடுவதானால், 12 வயது நிறைந்த எவரும் எழுதக்கூடிய அமெச்சூர் நிலையத் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

அந்த அட்டவணையில் இன்னொரு நிரலும் வேண்டும். குளிரூட்டிய ஆய்வகங்கள் எளிதில் விட்டுவிடும் நிரல் அது. ஐஆர்எஃப்510-ஐ விழிக்கச் செய்யும் வாயில் மின்னழுத்தம் வெப்பம் ஏற ஏறக் குறையும் இயல்புடையது. ஆகவே காலையில் 100 மில்லியாம்பியரில் அமைத்த ஓய்வு மின்னோட்டம், வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டி நிற்கும் சித்திரை மாத நண்பகலில் தானாகவே உயரும்; உயர்ந்த மின்னோட்டம் மேலும் சூடாக்கும்; கவனிக்காமல் விட்டால் டிரான்சிஸ்டர் எரிந்தும் போகலாம். சிறிதளவு உயர்வு திரிபைக் குறைத்துப் பயனுறுதிறனைத் தின்னும் என்பதால், காலையில் எடுத்த எண்களும் பிற்பகலில் எடுத்த எண்களும் ஒரே பெருக்கியின் இருவேறு முகங்களாக அமையும். கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு உணவாகும் இதே வெயில்தான், திறந்தவெளியில் நிற்கும் ஒவ்வொரு பெருக்கியையும் அதன் வடிவமைப்பாளர் எண்ணிப் பார்த்த நிலையிலிருந்து நகர்த்துகிறது. காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நிழலிலும் வெயிலிலும் வைத்து, வெப்பத்தகட்டின் வெப்பநிலை, ஓய்வு மின்னோட்டம், வாங்கிய திறன், வெளியிட்ட திறன், மூன்றாம் படியும் ஐந்தாம் படியுமான திரிபுகள் ஆகிய அனைத்தையும் பதிவு செய்தபின், வாயில் மின்னழுத்தத்தை வழங்கும் சுற்றில் ஒரு டயோடைச் சேர்த்து அதை வெப்பத்தகட்டோடு ஒட்டிப் பொருத்தினால், தகடு சூடேறும்போது டயோடின் மின்னழுத்தம் தாழ்ந்து வாயிலையும் உடன் தாழ்த்தும். அந்தத் திருத்தம் எத்தனை டெசிபெல்லையும் எத்தனை வாட்டையும் மீட்டது என்பதை, அதே நேரங்களில் அதே அட்டவணையை மீண்டும் ஒருமுறை நிரப்பிக் காண வேண்டும்.